காலராவில் குடற்சவ்வு சிதைவதில்லை

காலரா நோயைக் குறித்து வகுப்பறைகளிலும் சுகாதாரப் பயிற்சிகளிலும் இரு செய்திகள் அடுத்தடுத்துக் கூறப்படுவதுண்டு. காலராக் கிருமி குடலின் உட்சவ்வை அரித்து உதிரச் செய்கிறது என்பது ஒன்று. நோயாளிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. கூர்ந்து நோக்கின் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல. உட்சவ்வே உதிர்ந்துவிட்டதெனின், ஊட்டிய நீரை உறிஞ்சுவது எது? அறிவுள்ள மாணவன் ஒருவன் இவ்வினாவை எழுப்பினால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்? பேதியால் வாடும் குழந்தையின் தாய், "வயிறு புண்ணாகிக் கிடக்கும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகாதா?" என்று கேட்டால் சுகாதார ஊழியர் எவ்வாறு மறுமொழி கூறுவார்?

இவ்விரு செய்திகளுள் முதலாவது பிழை, இரண்டாவதே உண்மை. காலராவில் குடலின் உட்சவ்வு உதிர்வதில்லை. அதிலுள்ள உயிரணுக்கள் தம் இடத்திலேயே நின்று, பிறிதொன்றின் ஏவலுக்கு உட்பட்டு, அளவின்றி நீரையும் சளியையும் சொரிகின்றன. பழைய பிழையை ஐயத்திற்கிடமின்றி அகற்றும் பணியில் கல்கத்தா நகரில் நடந்த ஆராய்ச்சிக்குப் பெரும் பங்குண்டு. அவ்வாராய்ச்சியின் முடிபைத் தெளிவாகக் கற்பிப்பது, கரைசல் பொட்டலங்களை வழங்குவதற்கு இணையான இன்றியமையாப் பணியாகும்.

உட்சவ்வின் அமைப்பு

சிறுகுடலின் உட்புறம் விரல்கள் போன்ற எண்ணற்ற நுண்முளைகளால் ஆனது. அம்முளைகளுக்கு இடையே குழிகள் உண்டு. முளைகளையும் குழிகளையும் ஒற்றை அடுக்கு உயிரணுக்கள் போர்த்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை உணவின் சத்தையும் நீரையும் உறிஞ்சுவன. அவற்றினிடையே ஆங்காங்கே வேறுவகை உயிரணுக்கள் செருகப்பட்டாற்போல் அமைந்துள்ளன. அடி குறுகியும் மேற்பகுதி அகன்றும், மது அருந்தும் கிண்ணத்தைப் போன்ற வடிவுடன் தோன்றுவதால் இவற்றைக் கோப்பை உயிரணுக்கள் என்பர். குறுகிய அடியில் உட்கரு ஒடுங்கியிருக்கும். அகன்ற மேற்பகுதியில் சளிப்பொருள் சிறுசிறு மணிகளாக நிறைந்திருக்கும். தக்க சாயமிட்டு நுண்பெருக்கியில் நோக்கினால், வெளிறிய உயிரணுக்களின் வரிசையில் வண்ணம் நிரம்பிய கிண்ணங்களாக இவை தென்படும்.

கோப்பை உயிரணுக்களின் எண்ணிக்கை சிறுகுடலின் தொடக்கத்தில் குறைவு. கீழே செல்லச் செல்ல மிகுந்து, பெருங்குடலில் மிக அதிகமாகிறது. அவை சுரக்கும் சளியே குடலுக்கு மேற்போர்வை. உணவு வழுக்கிச் செல்லவும், கிருமிகள் உயிரணுக்களைத் தொடாமல் தடுக்கவும் அப்போர்வை பயன்படுகிறது. பெருங்குடலில் அது இரண்டு படலங்களாக அமைந்துள்ளது; உட்படலத்துள் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் புகுவதில்லை. சளியின் முதன்மையான புரதத்தை உண்டாக்க இயலாதவாறு வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்குத் தாமாகவே பெருங்குடல் அழற்சி உண்டாவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆகவே சளி என்பது கழிவன்று, காவல்.

இன்னுமொரு செய்தியை இங்கே மனத்திற் கொள்ளல் வேண்டும். உட்சவ்வின் உயிரணுக்கள் நிலையானவையல்ல. குழிகளின் அடியிலுள்ள மூல உயிரணுக்களிலிருந்து அவை ஓயாது பிறந்து, மேலேறி, ஏறத்தாழ 3 முதல் 5 நாட்களில் முளைகளின் நுனியை அடைந்து உதிர்கின்றன. குடலின் போர்வை ஒவ்வொரு வாரமும் புதுப்பிக்கப்படுகிறது எனலாம்.

பிழை தோன்றிய வரலாறு

உட்சவ்வு சிதைகிறது என்ற கருத்து அறியாமையால் மட்டும் எழுந்ததன்று. கண்ணாற் கண்ட காட்சியிலிருந்து எழுந்தது. 1854ஆம் ஆண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிலிப்போ பாசினி என்னும் உடற்கூற்று அறிஞர், காலராவால் இறந்தோரின் குடலை நுண்பெருக்கியில் ஆராய்ந்தார். அங்கே வளைந்த நுண்ணுயிர்களைக் கண்டார். உட்சவ்வின் உயிரணுக்கள் உதிர்ந்திருப்பதையும் கண்டார். நுண்ணுயிரே சவ்வை அழிக்கிறது. அழிந்த இடத்தின் வழியே உடலின் நீர் வெளியேறுகிறது என்று அவர் முடிவு செய்தார். நோயாளியின் கழிச்சல் அரிசி களைந்த நீரைப்போல வெண்மையாகவும் அதில் மெல்லிய துணுக்குகள் மிதப்பதாகவும் இருந்தமை அம்முடிவுக்கு அரண் செய்தது. அத்துணுக்குகள் உதிர்ந்த சவ்வின் துண்டுகள் எனக் கொள்ளப்பட்டன.

1883ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், எகிப்தில் தொடங்கிய ஆராய்ச்சியைத் தொடரக் கல்கத்தா வந்தார். 1884ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காற்புள்ளி வடிவமுடைய காலராக் கிருமியைத் தனித்து வளர்ப்பதில் வெற்றி பெற்றார். கிருமி வெளிவிடும் நஞ்சு ஒன்று நோய்க்குக் காரணமாகலாம் என்ற கருத்தையும் அவர் தெரிவித்தார். எனினும் விலங்குகளில் அந்நோயை உண்டாக்கிக் காட்டுவது அவருக்குக் கைகூடவில்லை. நஞ்சு எது, எங்கே செயற்படுகிறது என்னும் வினாக்கள் அதன்பின் 70 ஆண்டுகளுக்கு மேல் விடையின்றி நின்றன.

இடையில் 1923ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்க்கூற்று அறிஞர் எர்னஸ்ட் குட்பாஸ்சர், பிலிப்பைன்ஸில் இறந்தோரின் குடலை மரணத்திற்குப்பின் விரைவாக எடுத்து ஆராய்ந்தார். உட்சவ்வு பெரும்பாலும் குலையாமல் இருந்தது. இதன் பொருள் வெளிப்படை. குடலின் சவ்வு, உயிர் பிரிந்த சில மணி நேரத்திலேயே தன்னுள் இருக்கும் செரிமானப் பொருள்களால் தானே கரைந்து உதிர்வது. வெப்ப நாடுகளில் அது இன்னும் விரைவாக நிகழும். பாசினி முதலானோர் கண்ட சிதைவு, நோய் செய்த சிதைவன்று. மரணம் செய்த சிதைவு. ஆயினும் இக்கருத்து பரவலாக ஏற்கப்படவில்லை. 1947ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பர்னெட்டும் ஸ்டோனும், காலராக் கிருமி வெளிவிடும் நொதிகள் சளியைக் கரைப்பதையும், உடலினின்று பிரித்தெடுத்த குடலில் சவ்வு உதிர்வதையும் காட்டியபோது, சிதைவுக் கொள்கை மீண்டும் வலுப்பெற்றது.

கல்கத்தா தந்த விடை

இந்நிலையில் இப்பொருளைக் கையிலெடுத்தவர் டாக்டர் சம்புநாத் தே. ஹூக்ளி மாவட்டத்தில் 1915ஆம் ஆண்டு பிறந்தவர். லண்டனில் சர் ராய் காமரனிடம் ஆராய்ச்சி செய்து 1949ஆம் ஆண்டு தாயகம் திரும்பியவர். கல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பணியாற்றியவர். ஆராய்ச்சி வசதிகள் மிகக் குறைந்த சூழ்நிலையில் அவர் வினாவை எளிய வடிவில் அமைத்துக்கொண்டார்: காலரா குடலின் நோயாயின், கிருமியைக் குடலின் உள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுள் மட்டும் காலராக் கிருமியின் வளர்ப்பு நீர்மத்தை ஊசியாற் செலுத்தினார். ஒரு நாள் கழித்துப் பார்க்கையில் அந்தப் பகுதி நீரால் நிரம்பிப் பருத்திருந்தது. கட்டப்படாத குடலில் விளங்காதது, கட்டப்பட்ட குடலில் வெட்டவெளிச்சமாயிற்று. டி. என். சாட்டர்ஜியுடன் அவர் எழுதிய இவ்வாய்வுரை 1953ஆம் ஆண்டு வெளியாயிற்று. அடுத்த படி இன்னும் முக்கியமானது. கிருமிகள் அனைத்தையும் வடிகட்டி நீக்கிய பின் எஞ்சிய தெளிநீரை மட்டும் முயலின் குடலில் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிரம்பியது. கிருமி இல்லை, நோய்க்குறி உண்டு. எனவே கிருமி வெளிவிடும் நஞ்சே குடலை நீர் சொரிய வைக்கிறது என்பது நிறுவப்பட்டது. இம்முடிவு 1959ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

அதே காலத்தில் மறுபுறத்திலிருந்தும் சான்று கிடைத்தது. 1958, 1959 ஆண்டுகளில் பாங்காக் நகரில் காலரா பரவியபோது, அமெரிக்க மருத்துவர் யூஜீன் காங்கரோசாவும் உடன் பணியாற்றியோரும் உயிருள்ள நோயாளிகளின் குடலிலிருந்தே திசுத் துணுக்குகளை எடுத்தனர். மெல்லிய குழாயின் நுனியிலுள்ள சிறு கூட்டை நோயாளி விழுங்க, அதனுள் அமைந்த விற்கத்தி ஒரு சிறு துணுக்கைக் கொய்து தரும் கருவி அப்போது புதிது. அத்துணுக்குகளில் உட்சவ்வு குலையாமல் நின்றது. 1960ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வு, உயிருள்ள குடலின் சாட்சியம். இறந்த குடல் கூறிய பொய்யை உயிருள்ள குடல் மறுத்தது.

சவ்வு குலையவில்லை என்பதற்கு, அதில் மாற்றமே இல்லை என்பது பொருளன்று. 1995ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், காலரா நோயாளிகளின் சிறுகுடல் துணுக்குகளை எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் ஆராய்ந்து, உயிரணுக்களுக்கு இடையேயுள்ள இடைவெளி விரிந்திருப்பது போன்ற நுண்ணிய மாறுதல்களைக் கண்டனர். எனினும் நுண்ணிய மாறுதல் வேறு; சவ்வு உதிர்ந்து போதல் வேறு.

கோப்பை ஏன் காலியாகிறது?

காலரா நஞ்சு இரு பகுதிகளைக் கொண்டது. ஐந்து துண்டுகள் கூடிய ஒரு வளையம் உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கிறது. அதனோடு இணைந்த மற்றொரு பகுதி உள்ளே புகுகிறது. உள்ளே புகுந்த பகுதி, சுரப்பைத் தொடங்கவும் நிறுத்தவும் அமைந்த ஒரு புரதத்தை, நிறுத்த இயலாத நிலையில் பூட்டிவிடுகிறது. குழாயைத் திறந்தபின் திருகைப் பிடுங்கி எறிந்தாற்போல் குளோரைடு வெளியேறும் வழி திறந்தே கிடக்கிறது. குளோரைடைத் தொடர்ந்து சோடியமும், அவற்றைத் தொடர்ந்து நீரும் குடலுக்குள் பாய்கின்றன. கடுமையான நோயில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையிலும் நீர் வெளியேறக்கூடும்.

கோப்பை உயிரணுக்களும் இதற்கு விலக்கல்ல. சோதனை விலங்குகளின் குடலில் காலரா நஞ்சைச் செலுத்தினால், அவை தம்முள் சேமித்த சளிமணிகளை மொத்தமாக வெளிவிடுவதைக் காணலாம். அரிசி களைந்த நீர் போன்ற கழிச்சலில் மிதக்கும் துணுக்குகள் பெரும்பாலும் இச்சளியே. அவற்றைச் சவ்வின் துண்டுகள் என்று முன்னோர் கொண்டது, கிண்ணத்திலிருந்து கொட்டிய பாலைக் கண்டு கிண்ணமே உடைந்தது எனக் கொண்டதற்கு ஒப்பாகும். சாயமிட்ட கண்ணாடித் தகட்டில் கோப்பை உயிரணு வெறுமையாகத் தோன்றினால், அது அழிந்துவிட்டது என்று உடனே கருதலாகாது. தன் சரக்கைக் கொடுத்துவிட்டு மீண்டும் நிரப்பிக்கொள்ளும் நிலையிலும் அது இருக்கலாம்.

கோப்பை உயிரணுக்களின் அமைப்பு உண்மையிலேயே பிறழும் நோய்களும் உள. பெருங்குடல் புண் அழற்சி நோயில் அவற்றின் எண்ணிக்கையும் சளியும் குறைகின்றன. குழிகளின் ஒழுங்கு குலைகிறது. சவ்வு உண்மையாகவே புண்படுகிறது. நாள்பட்ட அழற்சிக்கு உள்ளான இரைப்பையில், இயல்பாகக் கோப்பை உயிரணுவே இல்லாத இடத்தில் அவை தோன்றுவதுண்டு. அது மருத்துவர் கவனிக்க வேண்டிய அடையாளம். சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் பிறவி நோயிலோ, காலராவில் திறந்தே கிடக்கும் அதே குளோரைடு வழி திறவாமற் போகிறது. அதனால் சளி கெட்டிப்பட்டுக் குடலில் அடைகிறது. பிறந்த குழந்தையின் குடல் முதல் மலத்தாலேயே அடைபட்டுப் போவதும் உண்டு. ஒரே வழி மிகத் திறந்தால் ஒரு நோய். மூடினால் மற்றொரு நோய். எண்ணிக்கை குறைதல், இடம் பிறழ்தல், சளி அடைபடுதல், சளி தீர்ந்து வெறுமையாதல் என்னும் இந்நான்கும் வெவ்வேறானவை. காலராவில் நிகழ்வது இறுதியாகக் கூறிய வெறுமையாதலே. அனைத்தையும் 'சிதைவு' என்னும் ஒரே சொல்லில் அடைப்பது விஞ்ஞானத்திற்கும் உதவாது, சிகிச்சைக்கும் உதவாது.

வாய்வழி நீரின் அடிப்படை

உறிஞ்சும் உயிரணுக்கள் உயிரோடும் ஒழுங்கோடும் இருப்பதாலேயே வாய்வழி நீர் பயன் தருகிறது. சோடியமும் குளுகோஸும் கைகோத்து உயிரணுவினுள் நுழைவதற்கு ஒரு தனி வாயில் உண்டு. இவ்விணைப்பை 1960ஆம் ஆண்டில் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். காலரா நஞ்சு சுரப்பின் வழியைத் திறந்துவிடுகிறதே அன்றி, இவ்வாயிலை அடைப்பதில்லை. எனவே உப்பு மட்டும் கலந்த நீர் போதிய அளவு உறிஞ்சப்படாது; குளுகோஸும் சேர்ந்தால் உப்பும், உப்பின் பின்னே நீரும் உடலுக்குள் செல்லும்.

இவ்விளக்கம் கிடைப்பதற்கு முன்னரே கல்கத்தாவில் ஒருவர் இதனைச் செய்து பார்த்திருந்தார் என்பது வியப்புக்குரியது. டாக்டர் தேயின் முயல் ஆய்வு வெளியான அதே 1953ஆம் ஆண்டில், டாக்டர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு, வாந்தியை அடக்கி, உப்பும் குளுகோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துக் குணப்படுத்திய செய்தியை 'லான்செட்' இதழில் எழுதினார். அக்காலத்தில் அது போதிய கவனம் பெறவில்லை. குடற்சவ்வு அழிந்துவிட்டது என்று நம்புவோருக்கு, அதே குடலை நம்பி நீர் ஊட்டுவது பொருளற்றதாகத் தோன்றுவது இயல்பே. ஒரு பிழையான சித்திரம் ஒரு நல்ல மருந்தின் பாதையை மறைக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு அரிது.

1968ஆம் ஆண்டில் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் காஷும் உடன் பணியாற்றியோரும், அளவு முறையோடு செய்த சோதனைகளால் இம்முறையை உறுதிப்படுத்தினர். மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்தின் எல்லை ஊரான பன்காவ் பகுதியில் குவிந்தனர், காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் உப்புநீர் தீரும் தறுவாயில், கல்கத்தாவிலிருந்து சென்ற டாக்டர் திலீப் மகாலனாபிஸ் துணிவான முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்னும் அளவில் பொட்டலங்கள் கட்டப்பட்டன. பெரிய கலங்களில் கரைத்த அந்நீரை நோயாளிகளின் உறவினரே ஊட்டினர். முன்பு நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் இறந்த அவ்விடத்தில், இம்முறையில் சிகிச்சை பெற்ற 3,700க்கு மேற்பட்டோருள் இறந்தவர் நூற்றுக்கு 3.6 பேரே. உறவினர் கையிலிருந்த குவளை செய்த பணி அது. அக்குவளையை ஏற்றுக்கொண்டது குலையாத குடற்சவ்வு.

களப்பணியில் இதன் பயன்

"ஊழியருக்குப் பொட்டலம் போதும், உயிரணுவின் கதை எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் கூற்றில் ஓரளவு நியாயமும் உண்டு. நுண்பெருக்கியைக் காணாத தாயும் பன்காவ் முகாமில் தன் குழந்தையைக் காத்தாள். எனினும் பொட்டலம் கைவிடப்படும் தருணம் எது என்பதை எண்ணிப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

கரைசல் கொடுத்ததும் பேதி நிற்பதில்லை. சில வேளைகளில் சற்று மிகுவதாகவும் தோன்றும். "கொடுத்ததெல்லாம் வெளியே போகிறது" என்று கூறித் தாய் நிறுத்திவிடுகிறாள். இத்தருணத்தில் ஊழியர் வெறும் கட்டளையைத் திருப்பிச் சொல்வதால் பயனில்லை. குடலின் தோல் போகவில்லை; அதன் குழாய் திறந்து கிடக்கிறது; நஞ்சின் பிடி விடும் வரை கழிச்சல் தொடரும்; பழைய உயிரணுக்கள் உதிர்ந்து புதியவை வர நாட்கள் சில ஆகும்; அதுவரை இழந்த நீரை ஈடுசெய்வதே கரைசலின் வேலை, பேதியை நிறுத்துவதன்று என்று ஊழியர் கூற இயலுமாயின், தாய் குவளையைக் கீழே வைக்க மாட்டாள். குடல் புண்ணாகிவிட்டது என்று நம்பும் தாயிடம் இவ்விளக்கம் எடுபடாது. காரணம் அறிந்தவரே பொறுமையுடன் நிற்பர்.

உணவை நிறுத்தும் வழக்கத்திற்கும் இதே விடைதான். உறிஞ்சும் உயிரணுக்கள் அழியவில்லையாதலால் தாய்ப்பாலையும் வழக்கமான மென்மையான உணவையும் தொடரலாம், தொடரவும் வேண்டும்.

மூன்றாவதாக, ஊழியர் பிரித்தறிய வேண்டிய ஒன்றுண்டு. கழிச்சலில் வெண்ணிறச் சளித் துணுக்குகள் மட்டும் இருப்பது வேறு. சளியோடு இரத்தமும் வயிற்றுக்கடுப்பும் சேர்ந்திருப்பது வேறு. பின்னது சீதபேதி. ஷிகெல்லா போன்ற கிருமிகள் பெருங்குடலின் சவ்வினுள் புகுந்து அதை உண்மையிலேயே புண்ணாக்குவதால் அது நிகழ்கிறது. அங்கே நீர் இழப்பை ஈடுசெய்வதோடு மருத்துவரிடம் விரைந்து அனுப்புவதும் கட்டாயமாகும். சிதைவு உள்ள நோயையும் இல்லாத நோயையும் ஒன்றாகக் கற்பித்தால் இவ்வேறுபாடு ஊழியர் மனத்தில் பதிவதற்கு வழியில்லை.

2002ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசலில் உப்பும் குளுகோஸும் முன்னினும் குறைக்கப்பட்டுள்ளன. ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுகோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் என்பது அதன் அளவு. பொட்டலத்தில் குறித்த அளவு தூய நீரிலேயே அதனைக் கரைக்க வேண்டும்; குறைந்த நீரில் கரைத்தால் உப்பு மிகுந்து தீங்காகும். ஒவ்வொரு கழிச்சலுக்குப் பின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், இரண்டு முதல் பத்து வயதினருக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் கொடுப்பது முறை. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துச் சிறிது சிறிதாகத் தொடரலாம். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் துத்தநாகமும், அதற்குட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராமும், 10 முதல் 14 நாட்கள் வரை தருதல் வேண்டும். மயக்கம், குடிக்க இயலாமை, கண்கள் மிகக் குழிதல் ஆகியவை காணின் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். அந்நிலையில் நரம்பு வழி நீரே உயிர் காக்கும். வழியிலும், குடிக்கக்கூடியவருக்குக் கரைசலை நிறுத்தலாகாது.

ஆசிரியர் செய்யத்தக்கவை

இவற்றை நோக்குங்கால் சில கருத்துகள் வற்புறுத்தத்தக்கன. முதலாவது, காலரா குறித்த பாடங்களிலும் சுகாதாரத் துண்டு வெளியீடுகளிலும் குடற்சவ்வு 'அழுகுகிறது', 'உதிர்கிறது', 'புண்ணாகிறது' என்னும் சொற்கள் எங்கேனும் இருப்பின் அவற்றை நீக்கி, 'அளவின்றிச் சுரக்கிறது' என்று எழுதுதல் வேண்டும். சொல் மாற்றம் சிறிது. அதனால் மாறும் சித்திரம் பெரிது. தமிழில் நோய்களைக் கூறுங்கால் அழற்சி, சிதைவு, சுரப்பு என்னும் மூன்று சொற்களையும் அவற்றிற்குரிய பொருளிலேயே ஆளும் வழக்கம் நிலைபெறல் வேண்டும்.

இரண்டாவது, உயிரியல் வகுப்பில் கோப்பை உயிரணுவின் படத்தை வரையும்போது, நிறைந்த நிலை, சொரியும் நிலை, வெறுமையான நிலை ஆகிய மூன்றையும் வரைந்து காட்டலாம். ஒரே உயிரணு மூன்று நிலையிலும் உயிருள்ளதே என்று மாணவர் உணர்ந்தால், கண்ணாடித் தகட்டில் காணும் தோற்றத்தை நோய் என்று அவசரப்பட்டு முடிவு செய்யமாட்டார். திசு எப்பொழுது எடுக்கப்பட்டது, உயிருள்ள உடலிலிருந்தா, இறந்த உடலிலிருந்தா, எத்தனை மணி நேரத்திற்குப் பின் என்று கேட்கும் பழக்கமும் அவரிடம் தோன்றும். விஞ்ஞானப் பயிற்சியின் உயிர்நாடி அக்கேள்வியே.

மூன்றாவது, ராபர்ட் காக்கின் பெயரைக் கற்பிக்கும் இடத்தில் சம்புநாத் தேயின் பெயரும் இடம்பெறுதல் நியாயம். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1978ஆம் ஆண்டு காலரா குறித்து நடந்த நோபல் கருத்தரங்கிற்கு அவர் அழைக்கப்பட்டார். ஆயினும் 1985ஆம் ஆண்டு அவர் மறையும் வரை, தாயகத்தில் அவருக்குரிய பெரும் சிறப்புகள் வந்தடையவில்லை. பெங்களூரின் 'கரண்ட் சயன்ஸ்' இதழ் அவர் பணிக்கெனத் தனி மலர் வெளியிட்டது 1990ஆம் ஆண்டில்தான். டாக்டர் மகாலனாபிஸுக்குப் பத்ம விபூஷண் விருது, அவர் மறைந்த பின் 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அறிஞர்களைக் காலங்கடந்து போற்றுவதை இனி மாற்ற இயலாவிடினும், அவர்கள் நிறுவிய உண்மையைக் காலங்கடத்தாமல் கற்பிப்பது இயலும்.

பாதுகாப்பான குடிநீர் எல்லா வீட்டிற்கும் எட்டும் வரை வாந்திபேதியின் அச்சம் முற்றும் அகலாது. வெள்ளம் வடிந்த ஊரிலும், குழாய் உடைந்த தெருவிலும் அது மீண்டும் தலைகாட்டக்கூடும். அன்று அங்கே முதலில் செல்பவர் பேராசிரியராகவோ நிபுணராகவோ இருக்கமாட்டார். சுகாதார ஊழியரும் ஊர்ப் பள்ளியின் ஆசிரியருமே முதலில் நிற்பர். குடல் நீரை ஏற்கும் என்ற உறுதி அவர்கள் மனத்தில் இருந்தால், அவர்கள் குரலிலும் இருக்கும். அக்குரலை நம்பியே தாய் அடுத்த குவளையை எடுப்பாள்.